நடுவில் வாய் பிளந்த பெட்டி: வீட்டுப் பட்டறையில் ஒரு தகடு மடிக்கும் மிஷின்

பொள்ளாச்சிப் பக்கம் மாமனாரின் தென்னந்தோப்பில் போர்வெல் மோட்டாருக்கு ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருந்தது. அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்துபோய், கதவு ஒரே கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டை வழியாகப் பல்லி நுழைந்து கான்டாக்டருக்கு, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் ஸ்விட்சுக்கு, நடுவில் கருகிச் சாவதும், மோட்டார் நிற்பதும், எலக்ட்ரீஷியன் வருவதும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்கும். புதுப் பெட்டி வாங்கலாம். ஆனால் ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், ஆட்டோ ஸ்விட்ச், மீட்டர் எல்லாம் ஒன்றாக அடங்கும்படி 700 மி.மீ. உயரம், 350 அகலம், 200 ஆழத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கோவையில் தகடு மடித்துத் தரும் ஒரு பெண்டிங் கடையில் கேட்டேன். ஒரே ஒரு பெட்டிக்காக மிஷினில் டையை, அதாவது மடிப்பு அச்சை, மாற்ற முடியாது, பத்துப் பெட்டி என்றால் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

பழைய தகரக்காரர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. தண்டவாளத் துண்டு ஒன்று, கொட்டாப்புளி ஒன்று, பொறுமை நிறைய. டிரங்குப் பெட்டியெல்லாம் அப்படித்தான் வந்தது. எனக்கு அந்தக் கை கிடையாது. நான் தட்டினால் மடிப்பு அலை அலையாக வரும். அதனால் கார் ஷெட்டிலேயே ஒரு மடிப்பு மிஷின் செய்வதென்று இறங்கினேன். முதலில் செய்தது தோற்றது, இரண்டாவது வேலை செய்கிறது. முதலாவது ஏன் தோற்றது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதப்போகிறேன். இதே தப்பைச் செய்துவிட்டு, "கையில் பலம் போதவில்லை" என்று கைப்பிடியை நீளமாக்கிக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் இரண்டு நாள் அதைத்தான் செய்தேன்.

முதல் மிஷின்

அமைப்பு எளிது. மூன்று இரும்பு ஆங்கிள். ஒன்று பெட், தகடு இதன் மேல் படுக்கும். இரண்டாவது கிளாம்ப், தகட்டை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும். மூன்றாவது ஏப்ரன், பெட்டின் முன்விளிம்போடு கீல் போட்டுச் சேர்ந்திருக்கும். கைப்பிடியைப் பிடித்து ஏப்ரனைத் தூக்கினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தகடும் கூடவே எழுந்து மடியும்.

கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் 50×50×6 ஆங்கிள் எடுத்தேன். மீட்டருக்கு 4.5 கிலோ. மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 900 மி.மீ. ஹார்டுவேர் கடையிலிருந்து நான்கு இஞ்ச் கதவுக் கீல் இரண்டு. இரண்டு பக்கமும் 800 மி.மீ. இடைவெளியில் 12 மி.மீ. போல்ட் போட்டுக் கிளாம்பை இறுக்க ஏற்பாடு. கைப்பிடிக்கு 450 மி.மீ. பைப். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடித்துவிட்டேன். இவ்வளவு சீக்கிரம் முடிந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தகடு 18 கேஜ். கடையில் 1.2 மி.மீ. என்றுதான் சொல்வார்கள். எதற்கும் வெர்னியர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. நான் வாங்கியது சரியாகவே இருந்தது.

முதல் பெட்டியை மடித்துத் தோப்புக்கு எடுத்துப் போனேன். மாமனார் இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பேசவில்லை. கதவை மூடினார். ஓரத்தில் ஒட்டி நின்ற கதவு நடுவில் ஒட்டவில்லை. அந்தச் சந்தில் தன் சுண்டுவிரல் நகத்தை விட்டுக் காட்டினார்.

"ஏனுங்க மாப்ளே, பெட்டி நடுவுல வாயைப் பொளந்துட்டு நிக்குது?"

"கொஞ்சம் தட்டினாச் சரியாயிரும் மாமா" என்றேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "பல்லிக்கு இது போதுமுங்க."

வீட்டுக்கு வந்து அளந்தேன். இரண்டு முனைகளிலும் மடிப்பு 90 டிகிரிக்கு ஓரிரண்டு டிகிரி குறை. நடுவில் அதைவிட இன்னும் 4 டிகிரி குறை. 4 டிகிரி என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கிறது. ஆனால் 40 மி.மீ. மடிப்பில் அது 2.8 மி.மீ. சந்து. பட்டறைக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச். பல்லி என்ன, அதன் குட்டியும் சேர்ந்தே போகும்.

எங்கே விடுகிறது?

முதலில் செய்தது முட்டாள்தனம். கைப்பிடியை 450-லிருந்து 700 ஆக்கினேன். முனைகளில் ஏப்ரன் கிளாம்பில் முட்டி நின்றது, நடு அப்படியே குறைந்து நின்றது. பலம் போதவில்லை என்றால் முனையும் நடுவும் ஒன்றுபோலத்தானே குறைய வேண்டும்? நடு மட்டும் குறைகிறது என்றால் நடுவில் ஏதோ விலகுகிறது.

அடுத்து ஒரு காகிதச் சோதனை. தினசரித் தாளில் விரல் அகலத்துக்கு ஐந்து பட்டைகள் கிழித்தேன். பெட்டின் மேல் தகட்டை வைத்து, தகட்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே அவற்றை வரிசையாகச் செருகி, இரண்டு போல்ட்டையும் நன்றாக இறுக்கினேன். பிறகு ஒவ்வொன்றாக இழுத்தேன். முனையில் இருந்த இரண்டும் இழுக்க இழுக்கக் கிழிந்தன. அடுத்த இரண்டும் முரண்டு பிடித்து வந்தன. நடுவில் இருந்தது சும்மா வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. இன்னும் மடிக்கவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள்ளேயே நடுவில் பிடி இல்லை.

கிளாம்பைக் கழற்றி அதன் அடியில் நூல் பிடித்துப் பார்த்தால், நடுவில் ஒரு மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக மேல்நோக்கி வளைந்திருந்தது. கொஞ்சம் கடையிலிருந்தே வந்த வளைவு. ஆங்கிள் ஆலையிலிருந்து நேராக வருவதில்லை, பழைய இரும்பு என்றால் கேட்கவே வேண்டாம். மீதி நான் வெல்டிங்கில் ஏற்படுத்தியது. ஒரே பக்கம் நீளமாக வெல்டு ஓட்டினால், அந்தப் பக்கம் ஆறும்போது சுருங்கி ஆங்கிளை வில்லாக இழுத்துவிடும்.

ஆனால் அது பாதிக் கதைதான். மீதிக்குக் கணக்குப் போட வேண்டியிருந்தது. 700 மி.மீ. அகலமுள்ள 1.2 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டை மடிக்க எவ்வளவு முறுக்கு வேண்டும்? தகட்டின் தாங்குதிறன் சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன், அதோடு அகலம், கனத்தின் வர்க்கம் இரண்டையும் பெருக்கி நான்கால் வகுத்தால் சுமார் 63 நியூட்டன் மீட்டர் வரும். 450 மி.மீ. கைப்பிடியில் அது 14 கிலோ எடைதான். ஒரு கையால் தூக்கிவிடலாம். என் கைப்பிடி ஆரம்பத்திலேயே போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது.

அதே முறுக்கு கிளாம்பின் மூக்கில், அதாவது தகட்டை அமுக்கும் முன்விளிம்பில், என்ன செய்கிறது என்று பார்த்தால் கதையே வேறு. கைப்பிடியில் நெம்புகோல் நீளம் 450. மடிப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அது பத்துப் பதினைந்து மில்லிதான். 15 என்று வைத்தாலும் கிளாம்பை மேலே தள்ளும் விசை 4,200 நியூட்டன், அதாவது 430 கிலோ. இதைத் தாங்கி நிற்பது 800 மி.மீ. இடைவெளியில் இரண்டு முனையில் மட்டும் போல்ட் போட்ட ஒரு 50×50×6 ஆங்கிள். அந்த ஆங்கிளின் விறைப்பு எண், அதாவது பொறியியல் அட்டவணையில் நிலைமத் திருப்புத்திறன் என்று போட்டிருப்பது, 12.9 செ.மீ. நான்கடுக்கு. இதை வைத்துப் பார்த்தால் நடுவில் 1 மி.மீ.க்குச் சற்று மேல் வளையும். என் தகட்டின் கனமே 1.2. தகட்டை மடிப்பதற்குப் பதில் நான் மிஷினை மடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நடுவில் இன்னொரு போல்ட் போட்டால் என்ன என்று யாரும் கேட்பார்கள். நானும் யோசித்தேன். அங்கேதான் தகடு படுத்திருக்கிறதே, போல்ட் எதன் வழியாகப் போகும்? இந்த வகை மிஷினில் பிடி இரண்டு முனையிலும்தான். நடுவைக் கிளாம்பின் விறைப்பு மட்டுமே காக்க வேண்டும்.

நீளத்தைக் குறைப்பது ஒரு வழி. சீராகப் பரவிய பளுவில் வளைவு நீளத்தின் நான்காம் அடுக்கில் மாறும். 800-ஐ 640 ஆக்கினால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், வளைவு 0.41 பங்காகிவிடும். சின்னச் சின்ன வேலைக்கு மட்டும் மிஷின் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 400, 500 மி.மீ.க்கு மேல் ஆசைப்படாதீர்கள், பாதித் தொல்லை பிறக்காது. என் பெட்டி 700. எனக்கு அந்த வழி இல்லை.

கீல் செய்த தனித் துரோகம்

நடுவைத் தேடிப் போன இடத்தில் இன்னொன்றும் அகப்பட்டது. மடிப்பு கூர்மையாக இல்லாமல் உருண்டையாக இருந்தது. தகட்டின் வெளிப்பக்கம் ஏப்ரன் உரசிய கீறல்கள் வேறு.

கதவுக் கீலின் குழல் பெட்டின் மேற்பரப்புக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. கீலுக்குள் ஓடும் கம்பியான பின்னின் மையம் மேற்பரப்பிலிருந்து 6 மி.மீ. உயரத்தில். ஏப்ரன் சுழல்வது அந்த மையத்தைச் சுற்றி. அதனால் 90 டிகிரி எழுந்து நிற்கும்போது ஏப்ரனின் மூலை இருந்த இடத்தில் இருக்காது, 6 மி.மீ. முன்னேயும் 6 மி.மீ. மேலேயும் போயிருக்கும். தகடு மூக்கை ஒட்டி மடியாமல் அந்த வெற்றிடத்தில் உருண்டு திரும்புகிறது. போகிற வழியில் ஏப்ரன் தகட்டின் மேல் வழுக்குவதால் கீறல். மையம் மேற்பரப்புக்குக் கீழே போனால் இன்னும் மோசம், ஏப்ரனின் மூலை பெட்டுக்குள் முட்டி எழவே எழாது.

பின்னின் மையம் தகடு படுக்கும் மேற்பரப்பின் மட்டத்தில், பெட்டும் ஏப்ரனும் சந்திக்கும் கோட்டிலேயே இருக்க வேண்டும். பாதிப் பின் மேலே, பாதி கீழே. சொல்வது சுலபம், இரண்டு முனையிலும் அதைக் கொண்டுவருவதற்குத்தான் எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

இரண்டாவது மிஷின்

கதவுக் கீலைத் தூக்கிப் போட்டேன். 16 மி.மீ. பிரைட் பாரில், அதாவது வழவழப்பான உருண்டைக் கம்பியில், இரண்டு பின், அவை உள்ளே சுழல அளவான குழலாக புஷ் இரண்டு, லேத்தில் கடைந்து வாங்கினேன். லேத்துக்கார அண்ணனிடம் பின்களின் நடுமையத்தில் 2 மி.மீ. துளை கேட்டேன். "எண்ணெய் விடவாங்க?" என்றார். இல்லை, நூல் விட.

பெட், ஏப்ரன் இரண்டின் முதுகையும் ஒட்டி வைத்து, நடுவே ஒரு பழைய கேலண்டர் அட்டையைச் செருகி, மேற்பரப்பு ஒரே மட்டமாக வரும்படி சி-கிளாம்பால் இறுக்கினேன். இரண்டு முனையிலும் பின் உட்கார 50 மி.மீ. அளவுக்குக் கிரைண்டரில் காடி வெட்டினேன். பின்களை அதில் வைத்து, இரண்டின் துளை வழியாகவும் தூண்டில் நரம்பை விட்டு, ஒரு முனையில் முடிச்சு, மறுமுனையில் ஒரு ஸ்பேனரைத் தொங்கவிட்டேன். நரம்பு விறைத்து நின்றது. அது அந்த அட்டைக் கோட்டின் மேல் முழு நீளமும் படிந்து கிடக்க வேண்டும். எங்காவது தூக்கி நின்றால் அந்தப் பக்கப் பின் உயரம், கோட்டை விட்டு விலகினால் பின் கோணல். இப்படித் தட்டி, அப்படித் தட்டி, நரம்பு எறும்பு வரிசை மாதிரி கோட்டிலேயே படுத்தபோது டேக் (தற்காலிகப் பொட்டு வெல்டு) அடித்தேன். ஆறவிட்டு மறுபடி பார்த்தேன். வலது பக்கம் நகர்ந்திருந்தது. டேக்கை அறுத்து மறுபடி. மூன்றாவது முறை நின்றது.

முழு வெல்டு போடும்போது 25 மி.மீ. வெல்டு, 100 மி.மீ. இடைவெளி, ஒரு முறை இந்தப் பக்கம், அடுத்த முறை அந்தப் பக்கம், நடுநடுவே கை வைக்கும் சூட்டுக்கு ஆறும்வரை டீ. அப்படியும் கொஞ்சம் வளைந்ததை பாட்டில் ஜாக்கை வைத்து நிமிர்த்தினேன்.

கிளாம்புக்கு 100×10 பட்டை ஒன்றை எடுத்து, ஆங்கிளின் பின்விளிம்பில் செங்குத்தாக நிறுத்தி வெல்டு அடித்தேன். படுக்கவைத்த பட்டை வாழைமட்டை மாதிரி வளையும், அதையே நிறுத்திவிட்டால் அசையாது. உயரம் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். அந்தப் பட்டைக்கு மட்டுமே 83 செ.மீ. நான்கடுக்கு, பழைய ஆங்கிளைப் போல ஆறு மடங்குக்கு மேல். ஆங்கிளும் சேர்ந்தால் இன்னும் கூடும். அப்போது வளைவு 0.15 மி.மீ.க்குக் கீழே. அதே தள்ளல் ஏப்ரன் மேலும் விழுவதால் அதற்கும் 75×10 பட்டை ஒன்று. மறந்துவிடாதீர்கள், கிளாம்பை யானை மாதிரி செய்துவிட்டு ஏப்ரனை அப்படியே விட்டால் பாதிப் பலன்தான்.

மூக்கு தனிக் கதை. முதல் மிஷினில் ஆங்கிளின் செங்குத்துக் கால் மடிப்புப் பக்கமாகவே நின்றது. ஏப்ரன் 90-க்கு வந்ததும் அதில் முட்டி நின்றுவிடும். தகடு என்பது விட்டதும் கொஞ்சம் திரும்பும் சாமான். மைல்டு ஸ்டீலில் இரண்டு மூன்று டிகிரி, ஸ்டெயின்லெஸ் என்றால் இன்னும் அதிகம். 90 வேண்டும் என்றால் 92, 93 வரை போக வேண்டும், அதற்கு இடமே இல்லை. முனைகளில் இருந்த அந்த ஓரிரண்டு டிகிரிக் குறை இதனால்தான். இப்போது கிளாம்பின் அடியில் 50×10 பட்டையை 12 மி.மீ. முன்னே நீட்டி வைத்து, அதன் முன்விளிம்பின் மேல்பக்கத்தை 45 டிகிரிக்குச் சாய்த்துத் தேய்த்திருக்கிறேன். செங்குத்துக் கால் 12 மி.மீ. பின்னே போய்விட்டதால் 11 டிகிரி வரை கூடுதலாக மடிக்க இடம் உண்டு.

மூக்கு கீல் கோட்டிலேயே நிற்கக் கூடாது. ஏப்ரன் நிமிர்ந்து நிற்கும்போது அதற்கும் மூக்குக்கும் நடுவே தகடு நிற்க வேண்டுமே. ஆகவே தகட்டின் கனம் அளவுக்காவது பின்தள்ளி வைக்க வேண்டும், மிஷினின் சக்திக்கு எல்லையில் இருக்கும் கனமான தகடென்றால் இரண்டு மடங்கு. குறைத்தால் ஏப்ரன் பாதியில் இறுகி நின்று தகட்டில் பள்ளம் விழும். கூட்டினால் மடிப்பு உருளும். போல்ட் துளைகளை நீளத் துளையாக்கிவிட்டேன், மடிக்கப்போகும் தகட்டின் துண்டையே வைத்து அளந்துகொள்வது வழக்கம்.

கடைசியாக ஒரு சின்னக் குறும்பு. கிளாம்பின் நடுவை ஜாக்கால் கீழ்நோக்கி ஒரு முடி அளவு வளைத்துவிட்டேன். போல்ட்டை இறுக்கும்போது நடு முதலில் தொடும், முனைகள் பிறகு. காகிதச் சோதனையில் இப்போது ஐந்து பட்டையும் கிழிகின்றன.

மறுபடி பெட்டி

மடிப்புக்குத் தகடு வெட்டும்போது வெளியளவுகளை அப்படியே கூட்டி வெட்டக் கூடாது. உதடு 20, பக்கம் 200, முதுகு 350, பக்கம் 200, உதடு 20, மொத்தம் 790. நான்கு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பும் மூலையைச் சுற்றிக் குறுக்கே போவதால் தகடு மிச்சப்படும். எவ்வளவு என்பதைப் புத்தகத்தில் தேடுவதைவிட உங்கள் மிஷினிலேயே கேட்பது நல்லது. 100 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை நடுவில் 90 டிகிரி மடித்து, இரண்டு கால்களின் வெளியளவையும் கூட்டுங்கள். எனக்கு 102.2 வந்தது. ஆக மடிப்புக்கு 2.2, நான்குக்கு 8.8. வெட்டியது 781.2 மி.மீ.

வரிசையும் முக்கியம். உதடுகள் முதலில், பிறகு பக்கங்கள். தலைகீழாகச் செய்தால் உதட்டை மடிக்கக் கிளாம்பு உள்ளே நுழையாது. மேல், கீழ் மூடிகளையும் இதே தகட்டில் மடிக்கலாமே என்று தோன்றும். முழு நீளக் கிளாம்பு உள்ள மிஷினில் நான்கு பக்கமும் எழுப்பிய பெட்டி வராது, எழுந்து நிற்கும் பக்கங்கள் கிளாம்பில் இடிக்கும். அதற்கு விரல் விரலாகக் கழற்றும் கிளாம்பு வேண்டும். நான் அவற்றைத் தனித் துண்டாக, 15 மி.மீ. காது மடித்து, பாப் ரிவெட் அடித்தேன். தகடு ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய மைல்டு ஸ்டீல். அதில் வெல்டு அடித்தால் துத்தநாகப் புகை கிளம்பும், மூச்சில் போனால் அன்று ராத்திரி காய்ச்சல் நடுக்கம்தான்.

முதல் நீள மடிப்பு எழும்போது சத்தத்தைக் கவனித்தேன். பழைய மிஷினில் கடைசியில் ஒரு முனகல் கேட்கும், போல்ட் பக்கமிருந்து. இந்த முறை தகட்டின் மெல்லிய 'டொக்' மட்டும். மூலைமட்டத்தை முனையிலிருந்து முனைக்கு நகர்த்தினேன். முனைகளில் 90, நடுவில் அரை டிகிரிக்குள் குறை. அடுத்த மடிப்பில் அதுவும் தெரியவில்லை.

இன்றைய நிலவரம்: 1.2 மி.மீ. மைல்டு ஸ்டீல் 700 வரை நிம்மதியாக. 1.6 மி.மீ. என்றால் முறுக்கு 1.8 மடங்கு ஆகிவிடுவதால் 400-க்கு மேல் போவதில்லை. ஸ்டெயின்லெஸ் முழு அகலத்துக்கு முயன்றது ஒரே முறை, இனி இல்லை. வலது கீலில் லேசான ஆட்டம் இருக்கிறது, புஷ் மாற்ற வேண்டும். இரண்டு மிஷினின் இரும்பும் லேத் கூலியும் சேர்த்து 5,000 ரூபாய்க்குள். ஏப்ரனைத் தூக்கியபின் தாங்கி நிறுத்த ஒரு கொக்கி போட்டுக்கொள்ளுங்கள். அது என் கட்டைவிரல் மேல் விழுந்த பிறகுதான் நான் போட்டேன்.

மெயினை அணைத்து, ஃபியூஸைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, புதுப் பெட்டியை மாட்டினோம். இரும்புப் பெட்டி என்பதால் எர்த் கம்பியைப் பெட்டிக்கும் சேர்த்து இறுக்கினார் எலக்ட்ரீஷியன். மாமனார் கதவை மூடி, வழக்கம்போல நகத்தை வைத்து மேலிருந்து கீழ் வரை ஓட்டினார். எங்கும் நுழையவில்லை. தலையை ஆட்டிவிட்டு இளநீர் வெட்டப் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து, ஐப்பசி மழையில், மோட்டார் ஓடவில்லை என்று போன் வந்தது. போய்த் திறந்து பார்த்தால் பல்லி இல்லை. கான்டாக்டர் முழுக்க எறும்பு. கேபிள் போக அடியில் போட்ட 25 மி.மீ. துளைக்கு, கேபிளைச் சுற்றிச் சந்தை அடைக்கும் கிளாண்டு போட மறந்திருக்கிறேன்.